மைக்கில் அழைத்தால் அழைப்பாகுமா?

ஆடி 5, திங்கள்

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்து மேனேஜருக்கு என்ன வேலை? பல்லி விரட்டுவதுதான். காலையில் ஜமக்காளங்களை வெயிலில் போட்டேன். மதியம் திருப்பிப் போட்டேன். மாப்பிள்ளை அறையில் ஏ.சி. ஓடுகிறதா என்று பார்க்கப் போய் நானே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன். பாளையங்கோட்டையில் இந்த சிவகாமி மஹாலுக்கு நான் மேனேஜராக வந்து பத்தொன்பது ஆடி ஆகிவிட்டது. ஒவ்வோர் ஆடியிலும் இப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும். ஓர் ஆடியில் தையல் கற்றுக்கொள்ளப் போனேன், இன்னோர் ஆடியில் இந்தி.

சாயங்காலம் மகளின் பரீட்சைக் கட்டண ரசீதை எடுக்க கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். எடுத்துக் கொடுத்தவன் "வேற எதாச்சும் பாக்கணுமா எக்கா?" என்று கேட்டான். மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு வயது வரம்பு உண்டா என்று சும்மா பார்க்கச் சொன்னேன். இல்லையாம். தபாலில் படித்த பி.ஏ. வரலாறு செல்லுமா என்று சும்மா கேட்டேன். செல்லுமாம். அதற்குமேல் அவனே தட்டிவிட்டான். விண்ணப்பம் போட்டாயிற்று.

சும்மாதான். ஆடித் தள்ளுபடியில் வேண்டாத சேலையை எடுத்துவிட்டு வருவதில்லையா, அது மாதிரி.

ஆடி 6, செவ்வாய்

இவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஆடி 14, புதன்

ஆவணி 27 முகூர்த்தத்துக்குப் பெண்ணின் அப்பா வேலாயுதம் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் வந்ததும் சமையல் கட்டைப் பார்ப்பார்கள், கழிப்பறையைப் பார்ப்பார்கள். இவர் நேரே மேடைக்குப் போய் "மைக் எப்படிம்மா இருக்கும்?" என்றார். கையில் பிடித்து நடக்கிற, வயரில்லாத மைக் ஒன்று இருக்கிறது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அதை வாங்கி, காலி மண்டபத்தில், "அனைவரும் வருக" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். எக்கோ கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

மகள் கல்யாணத்தைவிட அந்த மைக்குக்காகத்தான் மனுஷன் தேதி குறித்திருப்பார் போலிருந்தது.

ஆவணி 5, வியாழன்

ஆவணி பிறந்ததும் உயிர் வந்தது. இன்று முதல் முகூர்த்தம். தாலி ஏறியது, சண்டை தொடங்கியது. மாப்பிள்ளையின் அத்தை ஐஸ்கிரீம் கேட்டிருக்கிறாள். பெண்ணின் சித்தப்பா "சுகர் இருக்கவியளுக்கு எதுக்கு ஐஸ்கிரீமு?" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் இரண்டு குடும்பமும் மண்டபத்தின் இரண்டு ஓரத்துக்குப் போய்விட்டது. நடுவில் நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன.

இதற்கு என்னிடம் ஒரு வைத்தியம் உண்டு. அத்தையிடம் போய்க் காதோடு சொன்னேன்: "மைனி, ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல அவியளுக்கு வெக்கமா இருக்காம். அன்னா, அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு துண்டால கண்ணத் தொடச்சிக்கிட்டு இருந்தாவ. என் கண்ணால பாத்தேன்." பிறகு சித்தப்பாவிடம் போய் அதையே சொன்னேன். துண்டுக்குப் பதில் முந்தானை. ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாவமாகப் பார்த்துக்கொண்டு நடுவுக்கு வந்துவிட்டார்கள். அவரே ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்தார். அவள் "வேண்டாம், சுகர் இருக்கு" என்றாள்.

உண்மையில் அந்தத் தூணுக்குப் பின்னால் துடைப்பமும் பினாயில் டப்பாவும்தான் இருக்கின்றன.

போகும்போது சித்தப்பா "எம்மா, நீ வக்கீலுக்குல்லா படிச்சிருக்கணும்!" என்றார். இதை எத்தனை பேர் வாயால் கேட்டாயிற்று! தினமும் ஒருவர் வந்து "உங்களுக்கு மூக்குத்தி நல்லா இருக்கும்" என்றால் ஒருநாள் காது மூக்குக் குத்துகிற கடைக்குப் போகத்தானே தோன்றும்?

எல்லாரும் போன பிறகு நானே இலை போட்டு, நானே பரிமாறிச் சாப்பிட்டேன். மண்டபத்து ஆளை யாரும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. பெண் வீட்டார் கூப்பிட்டிருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டிருப்பார்கள் என்று பெண் வீட்டார் நினைப்பார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. பத்தொன்பது வருடத்தில் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை என்பதைச் சும்மா எழுதிவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தாரணியிடம் ஐஸ்கிரீம் கதையைச் சொன்னேன். என் மகள் இதே ஊர்ச் சட்டக் கல்லூரியில் நான்காம் வருடம் படிக்கிறாள். சிரிக்கவே இல்லை.

"எம்மா, இதுக்கு எங்க புஸ்தகத்துல பேரு பொய்சாட்சி."

"ரெண்டு பக்கமும் சொன்னாக்கூடவா?"

"ரெண்டு பொய்சாட்சி."

ஆவணி 8, ஞாயிறு

மானம் போயிற்று.

தாரணி தன் சிநேகிதியின் அண்ணனுக்காக மூன்று வருடப் படிப்பின் தரவரிசைப் பட்டியலைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "எப்பா, இங்க பாரேன், நம்ம அம்மா பேர்ல ஒருத்தி இருக்கா. சண்முகவடிவு. இன்ஷியல்கூட அதேதான்" என்றாள்.

"ஒலகத்துல எத்தன வடிவு!" என்றேன் நான், தோசைக்கல்லைப் பார்த்தபடி.

"பொறந்த தேதியும் அதேதாம்மா."

தோசை கருகியது. இவர் பேப்பரை மடித்து வைத்தார். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்துப் பார்த்து, கட்டிய பொட்டலம் மாதிரி வாயையும் கட்டி வைத்திருப்பவர். என்னையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். "நல்ல ரேங்கா?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல ரேங்க்தானாம். தாரணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "எம்மா, எங்க காலேஜே கெடச்சிரும் போலிருக்கே. நீ எனக்கு ஜூனியரா வருவியா? என்னைப் பாத்தா எந்திச்சு நிப்பியா?"

சும்மா போட்டேன், போகவா போகிறேன் என்றேன். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது. கருகிய தோசையை நானே சாப்பிட்டேன்.

ஆவணி 10, செவ்வாய்

தாரணி தன் சித்தியிடம் சொன்னாளாம், சித்தி உலகத்திடம் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து போன். சங்கரன்கோவில் மச்சினர், பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன்னே கூவுகிறது, கேஸ் போட முடியுமா என்று கேட்கிறார். ஒன்றுவிட்ட அக்கா, மருமகள் தன்னை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டதற்கு என்ன தண்டனை என்கிறாள். நான் இன்னும் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை.

மண்டபத்து முதலாளி பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கும் செய்தி போய்விட்டது. நேரில் வந்தார்.

"ஏ வடிவு, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? நாப்பத்தி நாலு வயசுல ஸ்லேட்டத் தூக்கிட்டுப் போவப் போறியா?"

"சும்மா போட்டேன் அண்ணாச்சி."

"நீ போனேன்னா நான் மண்டபத்த வெங்காயக் கோடவுனாக்கிருவேன், பாத்துக்கோ."

கல்யாணம் நடந்த இடத்தில் வெங்காயம் கிடக்குமா என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. வெங்காயமே இன்னும் வரவில்லை!

ஆவணி 15, ஞாயிறு

நிதானமாக யோசித்தேன்.

இங்கே எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. சாவிக்கொத்து இடுப்பில் இருந்தால் யாரும் குரலை உயர்த்துவதில்லை. எந்தச் சமையல்காரர் சாம்பாரில் ஏமாற்றுவார், எந்த நாதசுரக்காரர் கெட்டிமேளத்தில் தூங்குவார், எல்லாம் தெரியும். அங்கே போனால் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார வேண்டும். முழுநேரப் படிப்பு, வருகைப் பதிவு கட்டாயம். வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று வருடம். முடித்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு நாற்பத்தேழு.

போகாவிட்டாலும் நாற்பத்தேழு வரத்தான் செய்யும், அது வேறு விஷயம்.

அதோடு இன்னொரு சங்கடம். எனக்குத் தெரிந்தது இரண்டு பக்கமும் பேசுவது. வக்கீல் ஒரு பக்கம்தான் பேச வேண்டும். இன்னொரு பக்கத்துக்காரன் முகம் வாடுமே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? பத்தொன்பது வருடத்தில் ஒருவரைப் பார்த்தும் "தப்பு உங்க மேல" என்று நான் சொன்னதில்லை. சொல்ல வருமா என்றே தெரியாது.

ஆகவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு, தையல்காரியிடம் வெள்ளைச் சேலைக்கு ரவிக்கை அளவு கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளை ரவிக்கை வீட்டில் ஒன்று கிடந்தால் எதற்காவது ஆகும்.

ஆவணி 20, வெள்ளி

அதே கல்லூரி. இடம் கிடைத்துவிட்டது. ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். கடைசி நாள் ஆவணி 27, மாலை மூன்று மணிக்குள். வேலாயுதம் சார் வீட்டு முகூர்த்தம் அன்றைக்குத்தான். முன்னதாகப் போய்விடலாம் என்றால், பல்கலைக்கழகத்தில் கேட்ட ஒரு சான்றிதழ் 26 சாயங்காலம்தான் கைக்கு வருமாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் தாரணி நிபந்தனை போட ஆரம்பித்தாள். "வரணும்னா வா. ஆனா காலேஜ்ல என்னைக் குட்டின்னு கூப்பிடக் கூடாது. வாத்தியார் என்னைத் திட்டுனா சமாதானம் பேச வரக் கூடாது. காண்டீன் பக்கம் நான் இருக்கப்போ நீ வரவே கூடாது. என் பிரண்ட்ஸ் முன்னால வந்து சாப்பிட்டியான்னு கேட்டேன்னு வையி…"

"ஏட்டி, வெக்கமா இருக்கா என்னைப் பாத்து?"

சட்டம் படிக்கிறவள் அல்லவா, நேரடியாகப் பதில் சொன்னாள். "ஆமாம்மா. வெக்கமாத்தான் இருக்கு. நாலு வருசமா அங்கன நான் தாரணி. யாரு மவன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீ வந்தா ஒரே வாரத்துல எல்லாத்துக்கும் அம்மாவாயிருவ. பொறவு நான் ஒம் மவ, அவ்வளவுதான்."

சரி என்றேன். தட்டைக் கழுவி வைத்தேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவள் கேட்டது நியாயம்தான். நாளையிலிருந்து அவளோடு பேசுவதில்லை என்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன்.

ஆவணி 22, ஞாயிறு

பேசவில்லை. அவளும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இவர் "உப்பு" "தண்ணி" என்று தகவல் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பார்சல் ஆபீஸ் அனுபவம்.

ஆவணி 23, திங்கள்

இன்று ஓர் ஆச்சரியம். வேலை முடிந்து வந்து நைட்டியை மாட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தானாகப் பேசினார்.

"வடிவு, தாரணி ரொம்பச் சங்கடப்படுதா. ஒன் மொகத்தப் பாத்துச் சொல்ல அவளுக்கு வெக்கமா இருக்காம். மாடிப்படிக்குப் பின்னால நின்னு துப்பட்டாவால கண்ணத் தொடச்சிக்கிட்டு இருந்தா. என் கண்ணால பாத்தேன்."

என் மனசு இளகிவிட்டது. பெற்ற வயிறு அல்லவா. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தேங்காயை எடுத்து அவளுக்குப் பிடித்த சொதி வைக்க ஆரம்பித்தேன். தேங்காய் துருவிப் பால் பிழிந்து, பாசிப்பருப்பை வேகவைத்து, காய் நறுக்கும்போது தாரணி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். "எம்மா, மன்னிச்சிக்கோ. நீ வாஷிங் மெஷினுக்குப் பின்னால நின்னு முந்தானையால கண்ணத் தொடச்சியாம்லா. அப்பா பாத்தாவளாம்."

நான் அழவே இல்லை. அதோடு நைட்டியில் முந்தானை ஏது?

அப்போதுதான் தாரணியைப் பார்த்தேன். டீ-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக நின்றாள். இந்த வீட்டில் அவள் துப்பட்டா போட்டு நான் பார்த்ததே கிடையாது.

எட்டிப் பார்த்தேன். அந்த மனுஷன் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, அது வரைக்கும் சரி. பத்தொன்பது வருடம் ராத்திரிச் சாப்பாட்டில் நான் அளந்த கதையெல்லாம் காதில் விழாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றல்லவா நினைத்தேன்! என் மருந்தை எனக்கே கொடுத்துவிட்டார். கெட்ட கோபம் வந்தது. அதைவிட ஆச்சரியம், மருந்து வேலை செய்ததுதான்.

காட்டிக்கொடுக்கவில்லை. சொதி நன்றாக வந்தது. இவருக்கு இஞ்சிப் பச்சடியில் ஒரு கரண்டி கூடப் போட்டேன்.

"காலேஜுக்கு வாம்மா. ஆனா காண்டீன் ரூல் அப்படியேதான்" என்றாள் தாரணி.

ஆவணி 25, புதன்

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். 27-ஆம் தேதி முகூர்த்தத்தை முடித்துக்கொடுத்துவிட்டு நின்றுகொள்கிறேன் என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. விசிறியை நிறுத்தினார், மறுபடி போட்டார். "எம் மருமவனத்தான் உக்கார வைக்கணும். அவன் சமையல்காரனுக்கே சாம்பார் வைக்கச் சொல்லிக் குடுப்பான்" என்றார். பிறகு, "நீ போயிட்டு வா" என்றார்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 27 மூன்று மணி வரை நேரம் இருக்கிறதே.

ஆவணி 27, வெள்ளி

ராத்திரி நேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டு மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒன்பது மணிக்குத் தாலி கட்டு, பதினொன்றரைக்குப் பந்தி, ஒன்றரைக்கு நான் கிளம்பிவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வேலாயுதம் சார் விடிந்ததிலிருந்து மைக்கைக் கீழே வைக்கவில்லை. பந்தி நேரம் வந்ததும், "அனைவரும் உணவருந்திச் செல்லுமாறு அன்புடன் வேண்டுகிறோம். குறிப்பாக, மாப்பிள்ளையின் தாய்மாமன், அம்பாசமுத்திரம் திரு. குற்றாலிங்கம் அவர்கள், உடனடியாகப் பந்திக்கு வரவும்" என்றார். இரண்டு தடவை சொன்னார். எக்கோவோடு.

தாய்மாமன் எழுந்தார். பெரிய மீசை. தோள் துண்டை உதறினார். பந்திப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். தாய்மாமன் கை நனைக்காமல் மாப்பிள்ளை வீட்டில் யார் சாப்பிடுவார்கள்? அத்தனை பேரும் அவரைச் சுற்றி நாற்காலி போட்டுவிட்டார்கள். உள்ளே இலை போட்டு, உப்பு வைத்து, ஆளில்லாமல் கிடந்தது. தவசிப்பிள்ளை சமையல் கட்டிலிருந்து, "எக்கா, அப்பளம் நமுத்துப் போகுது!" என்று கத்துகிறார். மணி பன்னிரண்டரை.

நான் வழக்கமான வைத்தியத்தை எடுத்துக்கொண்டு போனேன். குனிந்து, காதோடு, "ஐயா, ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல அவியளுக்கு வெக்கமா இருக்காம். அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு…" என்றேன்.

"துண்டால கண்ணத் தொடச்சாராக்கும்?" என்றார் அவர்.

நான் நிமிர்ந்துவிட்டேன்.

"தாயி, எம் மவன் கல்யாணமும் இதே மண்டபந்தான். அன்னைக்கும் இதே தூணு, இதே துண்டு. நான் போய்ப் பாத்தேன். பினாயில் டப்பாதான் இருந்துச்சி. அன்னைக்குச் சந்தோசமான நாளு, போவட்டும்னு விட்டுட்டேன்."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தூணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குள் வேலாயுதம் சாரும் வந்துவிட்டார், மைக்கோடு. "நான் கூப்பிடலங்காரா? பேர் சொல்லி, ஊர் சொல்லி, ரெண்டு தடவ கூப்பிட்டேன். மண்டபமே கேட்டுச்சி!"

"ரயில்வே டேசன்லயுந்தான் பேர் சொல்லிக் கூப்பிடுதான். அதுக்குச் சாப்பிடவா போவாவ?" என்றார் தாய்மாமன். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி. பொய் வேண்டாம். மைக்ல கூப்பிட்டா அது கூப்பிட்டதாவுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தூணும் கைவிட்டுவிட்டது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆகாது" என்றேன்.

"என்னம்மா சொல்லுத?" என்று வேலாயுதம் சார் பாய்ந்தார். "வாடகை குடுத்தது நானு! நீ யாரு பக்கம்?"

"இன்னைக்கு அவிய பக்கந்தான் சார். தப்பு ஒங்க மேலதான்."

சொல்லிவிட்டேன்! அவர் முகம் வாடத்தான் செய்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.  குரல் ஆடவில்லை. எனக்கே புதிதாக இருந்தது.

"சார், நீங்க மைதானத்துல விசில் அடிச்சா ஐநூறு பிள்ளைய ஓடி வரும். அது சரி. ஆனா இவிய நாளைக்கி ஒங்க மவளுக்கு ஒண்ணுன்னா மொத ஆளா ஓடி வரணும். அது விசிலுக்கு வராது. பந்திக்கு மைக்ல சொல்லுதது ஊருக்குச் சொல்லுதது. சம்பந்தக்காரவியள நேர்ல போயி, கையப் புடிச்சில்லா கூப்பிடணும். வேற எதுவும் செய்ய வேண்டாம். பத்து எட்டு எடுத்து வைங்க."

அவர் என்னை முறைத்தார்.  பிறகு நடந்தார். தாய்மாமன் முன்னால் போய் நின்றார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"மச்சான்… தப்பா நினைக்காதிய. ஒத்த மவ. விடிஞ்சதுலருந்து என்ன செய்யுதேன்னே தெரியல. கையில எதையாச்சும் புடிச்சிக்கிட்டு இருந்தாத்தான் நிக்க முடியுது. வாங்க மச்சான், சாப்பிடுங்க."

நாலு ஸ்பீக்கரிலும் அந்தக் குரல் உடைந்தது. மேடையில் இருந்த பெண் "எப்பா!" என்று அழுதுவிட்டாள். தாய்மாமன் எழுந்து, முதல் காரியமாக, அந்த மைக்கை வாங்கி அணைத்தார். பிறகு அவர் தோளில் கை போட்டுக்கொண்டு பந்திக்குப் போனார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். ஒளிவதற்கு ஒருவரும் தூணைத் தேடவில்லை.

பந்தி முடியும்போது மணி இரண்டு இருபது. நான் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் ஆட்டோவைத் தேடினேன். முகூர்த்த நாளில் ஆட்டோ ஏது? வெற்றிலை போட்டுக்கொண்டு வந்த தாய்மாமன், "எங்க தாயி இம்புட்டு அவசரமா?" என்றார். சொன்னேன். டிரைவரைக் கூப்பிட்டார். "வக்கீலம்மா, ஏறுங்க" என்று அவரே கார்க் கதவைத் திறந்துவிட்டார். வண்டி கிளம்பின பிறகு ஜன்னலோரம் ஓடி வந்து "சாப்பிட்டியளா?" என்றார். அது அழைப்பில் சேராது, விசாரணை.

கல்லூரி ஆபீஸில் இருந்தவர் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "மகள வரச் சொல்லுங்கம்மா, கையெழுத்து அவதான் போடணும்" என்றார்.

"எனக்குத்தான் சார்" என்றேன். "நானே போடுதேன்."

ஆவணி 28, சனி

சாவிக்கொத்தை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். இடுப்பு லேசாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

புரட்டாசி 6, திங்கள்

முதல் நாள். வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் ஒரே அமைதி. நிஜமான மேடம் உள்ளே வந்தாள். தாரணியைவிட ஐந்து வயது கூட இருக்கலாம். என்னைப் பார்த்ததும் அவள் "குட் மார்னிங் மேடம்" என்றாள்.

மதியம் மரத்தடியில் தனியாகச் சாப்பிட்டேன். நிழல் நன்றாக இருந்தது. காண்டீன் எனக்கு எதற்கு? அங்கே ஒரே சத்தம். தாரணி சிநேகிதிகளோடு சிரிக்கிற சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்டது.

புரட்டாசி 7, செவ்வாய்

இன்று ஒப்பந்தச் சட்டம் ஆரம்பம். ஒருவர் அழைப்பதும் மற்றவர் ஏற்பதும் எப்படி நடந்தால் செல்லும், எப்படி நடந்தால் செல்லாது என்று அந்தச் சின்ன மேடம் பாடம் எடுத்தாள். நான் கை தூக்கி, மண்டபத்துத் தாய்மாமன் கதையைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. மேடம் யோசித்துவிட்டு, "மேடம், இதை நாளைக்கும் பேசுவோம்" என்றாள். கதை மணி அடிப்பதற்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. நாலாம் வருடம் வரைக்கும் போயிருக்கும்.

மதியம் மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறக்கப் போனேன். போன் சத்தம். தாரணி. "காண்டீன் வாம்மா. சாப்பிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

நான் பாக்ஸை மூடினேன். பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் தீர்ப்புச் சொன்னவள் நான். வாட்ஸ்அப் என்ன, அதுவும் ஒரு மைக்தான். பதில் போடவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. இருந்தாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் காண்டீன் வாசலில் தாரணி தெரிந்தாள். பின்னால் நாலைந்து சிநேகிதிகள். வெயிலில் மைதானத்தைக் குறுக்கே கடந்து, எல்லாரும் பார்க்க, நேரே என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"எம்மா, சாப்பிட வா."

உடனே எழுந்துவிட முடியுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. "எனக்குப் பசிக்கல" என்றேன்.

"இது எங்க அம்மா" என்று சிநேகிதிகளைப் பார்த்துச் சொன்னாள். "மண்டபத்துல எல்லாத்துக்கும் பந்தி போட்டுட்டுக் கடைசிலதான் சாப்பிடுவா. வாம்மா, எலை காயுது."

எழுந்தேன். கை கழுவிவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். குழாய்க்குப் பக்கத்தில், நிஜமாகவே, ஒரு தூண் இருந்தது. அதற்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பவா போகிறார்.